பந்தலுக்குள் ஒரு சூரிய அடுப்பு

தீர்ப்பு வழங்க வேண்டாம், வாசகர்களே. சாட்சி சொன்னால் போதும். சென்ற சனிக்கிழமை நண்பகல் செங்கற்பட்டில் வெயிலுக்குப் பஞ்சமா? இல்லை. என் நாவன்மைக்குப் பஞ்சமா? அதுவும் இல்லை! பின், தண்ணீர் ஏன் கொதிக்கவில்லை?

எங்கள் ஊர்ப் பள்ளியொன்றில் மாணவர்களுக்கென ஓர் அருங்காட்சியகம் உருவாகி வருகிறது. எஞ்சியிருப்பது ஒரே அறை. அதற்கு இரண்டு பொருள்கள் போட்டியிட்டன. ஒன்று, மகாபலிபுரத்தில் கரையொதுங்கிய திமிங்கில எலும்பு. மற்றொன்று, அடியேன் வடிவமைத்த சூரிய அடுப்பு.

மல்லாத்திய பழைய குடை. உட்புறமெங்கும் கண்ணாடிச் சில்லுகள். நடுவில் கரி பூசிய கெண்டி. மாணவர்களே குடையைத் திருப்பித் திருப்பி வெயிலைப் பிடித்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். அருங்காட்சியகம் என்றால் 'தொடாதீர்' என்றுதானே எழுதியிருக்கும்? நான் 'தொடுக!' என்று பலகையில் எழுதி வைத்தேன்... கொட்டை எழுத்தில்.

கல்வி அதிகாரி வருவார், சூரியன் போட்ட தேநீரைப் பருகுவார், அறை எனக்கு. கெண்டி கொதிக்காவிட்டால்— எலும்புக்கு.

காலையில் பள்ளி முற்றத்தில் வைத்துச் சோதித்தேன். கொதித்தது. வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு திரும்பினால்... முற்றம் முழுவதும் நிழல்! பந்தல்காரர் காசிம் பாய் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"பாய், என்ன காரியம் செய்தீர்கள்!"

"இன்னாபா? நீதானே பந்தல் போடச் சொன்ன?"

சொன்னேன்தான். பந்தல் இல்லாமல் வரவேற்புரை ஆற்றிய பேச்சாளன் இந்த ஜில்லாவில் உண்டா?

"வெயில் வேண்டும் பாய். பிரித்துவிடுங்கள்!"

"அதெல்லாம் ஆவாது. ஆபீசர் வெயில்ல குந்துனா எம் பேரு இன்னாவுறது? பேஜாரு பண்ணாத நைனா, போ!"

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. அதிகாரியின் கழுத்தில் மாலை விழுந்தது. அமர்ந்தார். அடுப்பை வெளியே தூக்கி வைக்கலாமே என்கிறீர்களா? தலைவர் அமர்ந்தபின் மேடைப் பொருளை நகர்த்துவது மரபன்று. எஞ்சியது ஒரே வழி. பேசினேன்.

"கதிரவனே! விறகில்லா வீட்டுக்கு விருந்தாய் வந்தவனே! விலை கேளாமல் ஒளி வழங்கும் வள்ளலே!"

முன்வரிசையிலிருந்து ஒரு மாணவன் குரல் கொடுத்தான்: "அண்ணாத்த, பேச்சு சூடா கீது... கெண்டிதான் ஜில்லுனு கீது!"

சிரிப்பு. இடைமறிப்புக்கு அஞ்சுபவனா நான்? உச்சக் கட்டத்தில் கண்களை மூடிக்கொண்டு பேசுவது என் வழக்கம். மூடினேன். பேசினேன். ஆரவாரம் எழுந்தது. இன்னும் பேசினேன். ஆரவாரம் சற்றுத் தொலைவிலிருந்து வருவதுபோல் தோன்றவே, கண்களைத் திறந்தேன்.

பந்தலுக்குள் நானும் நாற்காலிகளும் மட்டுமே!

பலகையில் எழுதியிருந்தபடியே மாணவர்கள் அடுப்பைத் தொட்டு... தூக்கி... வெளியே கொண்டுபோய்விட்டார்கள். குடையைத் திருப்ப ஒருவரை ஒருவர் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். வெட்ட வெயிலில் கையில் டம்ளருடன் அதிகாரி. அவர் தலைக்கு மேல் பந்தலின் ஒற்றைத் தென்னங்கீற்றை உயர்த்திப் பிடித்தபடி, மானத்தை விட்டுக்கொடுக்காத காசிம் பாய்!

ஒரு கெண்டித் தண்ணீர் கொதிக்கும் நேரம் நான் கண்மூடிப் பேசியிருக்கிறேன்.

"வாப்பா, டீ ஆறிப் போவுது," என்றார் அதிகாரி. "ரூம் உன் அடுப்புக்குத்தான். பசங்க இதைவிட்டு நகர மாட்டேங்கிறாங்களே! திறப்பு விழா வெச்சிடலாம். ஆனா தம்பி..."

தயங்கினார். எதற்கென்று எனக்கா புரியாது? அத்தனை பேர் முன்னிலையிலும் உரத்த குரலில் உறுதியளித்தேன்:

"ஐயா, அன்று என் உரையைச் சூரியன் மறைவதற்குள் முடித்துவிடுவேன்!"