ஆணி இல்லாத கடை

லண்டனில் யாரும் யாரையும் தொடுவதில்லை. ரயிலில் தோள் உரசினால் இரண்டு பேருமே மன்னிப்புக் கேட்கிறார்கள். ஆனால் ஆர்ச்வே ஏற்றத்தில் எங்கள் அலுவலகம் கட்டிக்கொடுத்த தேநீர்க் கடைக்குள் நுழைகிறவர்கள், பசுவின் முதுகைத் தடவுவதுபோல, முதலில் தூணைத் தடவுகிறார்கள். ஜப்பானியத் தச்சு வேலை. ஒரு மரத்தின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும். ஆணி, பசை, ஸ்க்ரூ எதுவும் கிடையாது என்று வாசலிலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பொருத்துகளை வரைந்தவள் நான்.

இதைச் சொல்லும்போது கர்வம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. வந்தவாசிப் பக்கம் சூளையில் செங்கல் அறுப்பவர்கள் என் பெற்றோர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கட்டடக்கலை படிக்கப் போகிறேன் என்றபோது அப்பா சொன்னார்: "நாங்க அறுக்குற கல்லு எங்க போவுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

எங்கள் ஊரில் மழை வந்தால் கதவு உப்பிக்கொண்டு மூடாது. நான் அறிந்த மரம் அதுதான். அதனால் உப்புவதற்கு இடம் விட்டு வரைந்தேன். கடை திறக்க ஒரு வாரம் இருக்கையில் ஹீட்டரைப் போட்டார்கள். மரம் காய்ந்து சுருங்கியது. வாசலுக்கு மேலிருந்த உத்திரத்தின் பொருத்து விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்தது. மாற்றுமரம் வர நேரமில்லை என்றார் என் மேலாளர் ஹெலன். தச்சர் ரத்தினம் அண்ணனை அழைத்து இரண்டு ஸ்க்ரூ போடச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பாரிசில் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர். ஸ்க்ரூ முறுக்கி, மேலே மரத் தக்கை வைத்துத் தேய்த்தார். இடமே தெரியவில்லை.

"அண்ணே, இது ஏமாத்து இல்லையா?"

"ஓம், ஏமாத்துத்தான். போய்ச் சொல்லும் தங்கச்சி. எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கு. உமக்கு?" என்று சிரித்தார்.

எனக்கு இருப்பது இந்த அலுவலகம் கொடுத்த வேலையை நம்பி நிற்கும் விசா. வேலை போனால் அறுபது நாள், அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊர்.

போன மாதம் ஒரு விருதுக்கு விண்ணப்பித்தார்கள். உத்திரத்தின் கீழே என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். பெருமை தாங்காமல் அன்றே அதை வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் ஹெலன் ஒரு தாளை நீட்டினார். 'உலோகம் எதுவும் பயன்படுத்தவில்லை.' கீழே வரைந்தவரின் கையெழுத்துக்கு இடம். "என்னால் முடியாது" என்றேன், மெல்லிய குரலில். ஹெலன் என் வெறுங்கையைப் பார்த்தார். "ஓ, மன்னிக்கணும்" என்று சொல்லித் தன் பேனாவைத் தந்தார். ஒருமுறை சொல்லத்தான் என்னிடம் தைரியம் இருந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போடத் தெரியாத கையெழுத்தை அதில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோவில் வந்தார்.

"ஒரு ஆணிகூட இல்லாம நிக்குதாமே? மேஸ்திரி நம்பவே மாட்டேங்கறான். 'வந்து பாருடா எம் பொண்ணு கட்டுனத'ன்னு இழுத்துட்டு வந்தேன்."

"நிக்குதுப்பா" என்றேன்.

"இங்க பாரு" என்று போனைத் திருப்பினார். தம்பி அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வந்திருந்தான். பூசாத செங்கல் சுவரில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே, அந்த உத்திரத்தின் நடுவில், அப்பா ஒரு நீள ஆணி அடித்திருந்தார்.