நூத்திப் பதினெட்டாம் நம்பர் கட்டைவிரல்

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சாலே எந்திரிச்சுப் போயிர்ற ஆளு நான். கம்ப்யூட்டர் வேலை பாக்குறவளுக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடுனா கிடைச்சிரும், அம்புட்டுத்தான். நீங்க சிரிச்சாலும் சரி, அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் நடந்ததை நடந்தபடி சொல்றேன்.

கப்பலூர்ல ஒரு ரப்பர் கம்பெனில சர்வர் பாக்குறது நான் ஒருத்திதான். ஒரு பெரிய சர்வருக்குள்ள ஆறு மெஷின் ஓடும், கையில தொடுற மெஷின் இல்ல, சாஃப்ட்வேராவே ஓடுற கம்ப்யூட்டருங்க. அந்தப் பெரிய சர்வர் சாகப்போற மாதிரி ரெண்டு நாளா கத்திக்கிட்டே கிடக்கு. திங்கக்கிழமை காலை ஷிஃப்டுக்குள்ள ஆறையும் ஓட ஓடவே புது சர்வருக்கு மாத்தணும், மாத்தலைன்னா நீ வேற வேலை தேடிக்கன்னு மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. புது சர்வர் வாங்குங்கன்னு ஒரு வருசமா நான் நாயா அலைஞ்சது மட்டும் அவருக்கு ஞாபகமே வரல.

கறுப்பு ஸ்க்ரீன்ல ஒரு வரி கமாண்டு அடிச்சேன், அஞ்சு மெஷின் சொன்ன பேச்சைக் கேட்டு அந்தப்பக்கம் போயிருச்சு. ஆறாவது வருகைப் பதிவு மெஷின், கேட்ல எல்லாரும் கட்டைவிரல் வைக்கிறாங்கல்ல, அது வந்து சேர்ற இடம். தொண்ணூத்தொம்பது சதவீதம் போச்சு, நின்னுருச்சு. கேன்சல் பண்ணிட்டுத் திரும்ப அடிச்சேன், தொண்ணூத்தொம்பது. நாலு தடவை இதே கூத்து. நிறுத்திட்டு மாத்தலாம்னா அந்த சாஃப்ட்வேர் எழுதுன ஆளுங்க கடையையே மூடிட்டுப் போயிட்டாங்க, ஒரு தடவை நிறுத்துனா திரும்ப எந்திரிக்குமான்னு யாருக்கும் தெரியாது.

ஓடிக்கிட்டே மாறும்போது உள்ள எது மாறினாலும் அதைத் திரும்ப காப்பி பண்ணணும். வீடு காலி பண்றப்ப நாம சாமான் ஏத்த ஏத்த அடுப்படியில ஒருத்தர் சமைச்சுக்கிட்டே இருந்தா எப்பங்க கதவைப் பூட்டுறது? ஆனா அன்னைக்கு கம்பெனி லீவு. மாடியில நான், கேட்ல வாட்ச்மேன் பாண்டி அண்ணன், வேற யாருமே இல்ல. சரி, எவன் உள்ள சமைக்கிறான்னு பதிவைத் திறந்து பாத்தேன்.

நம்பர் 118. வெளியே. ஏத்துக்கல, உள்ளே வந்த பதிவு இல்லை. இதே வரி ஏழு தடவை. கொஞ்சம் சும்மா இருக்கு, திரும்ப ஏழு தடவை. காலையில இருந்து இதேதான். ஒவ்வொரு விரலுக்கும் அந்த மட்டமான சாஃப்ட்வேர் மொத்தப் பேரோட ரேகையையும் புரட்டிப் பாக்கும், அப்புறம் எப்படி மாறும்?

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. வெயில்ல விறுவிறுன்னு கேட்டுக்குப் போய், அண்ணே, யாரு மெஷின்ல விரலை வச்சு விளையாடுறதுன்னு கத்துனேன். அவரு என்னை ஒரு மாதிரி பாத்துட்டு மேசை டிராயரைத் திறந்தாரு.

"கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும்னு நேத்தே கழட்டியாச்சே தாயி. இந்தா கெடக்கு பாரு."

ஒயரைச் சுத்தி உள்ள வச்சிருக்காரு.

118 யாருன்னு எனக்குத் தெரியும். கொட்டாம்பட்டி செல்லத்துரை அண்ணன், லோடு ஏத்துறவரு. மூட்டை தூக்கித் தூக்கி விரல் தேஞ்சு, மெஷின் லேசுல எடுக்காது. சட்டையில தொடச்சுத் தொடச்சு ஏழு தடவை வைப்பாரு, "இதுக்கு என்னயப் பிடிக்கல ஆத்தா"ம்பாரு. ரெண்டு வருசத்துக்கு முன்ன வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சைப் பிடிச்சு விழுந்து செத்துட்டாரு. டூட்டில செத்தாருன்னு வந்தா சிக்கல், உள்ள வந்த பதிவை அழிச்சிரும்மான்னு மேனேஜர் சொன்னாரு. அழிச்சது நான்தான். அவர் சம்சாரம் நஷ்டஈடு கேட்டு வந்தப்ப, அன்னைக்கு அவரு வேலைக்கே வரலயேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வெக்கமாத்தான் இருக்கு, என்ன பண்ண.

மேல போய் உக்காந்தேன். பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம், மேனேஜர் மேலயும் என் மேலயும். பழைய பேக்கப்ல அந்த ஒரு வரி இருந்துச்சு. காலை 5:52, உள்ளே. எடுத்துத் திரும்பப் போட்டேன். அடுத்த சுத்து வந்துச்சு, ஆறு தடவை ஏத்துக்கல, ஏழாவது தடவை ஏத்துக்கிட்டுச்சு. அதோட அமைதி. கமாண்டு அடிச்சேன், அரை நிமிசத்துல மெஷின் அந்தப்பக்கம் போயிருச்சு.

ஆனா அந்த 'வெளியே' பதிவுல ஞாயித்துக்கிழமை தேதி இல்லங்க. அவர் செத்த தேதி, காலை 10:41. அந்த நேரத்தை எவனும் எங்கயும் எழுதி வைக்கல. திங்கக்கிழமை பிரிண்ட் எடுத்துப் பாண்டி அண்ணன்கிட்ட காட்டுனேன், செல்லத்துரை அண்ணன் விழுந்த அன்னைக்கு அவரைத் தூக்குனதே இவருதான். "பத்து நாப்பதுக்கு டீ மணி அடிச்சு ஒரு நிமிசம்தான் இருக்கும். ஒனக்கு யாரு தாயி சொன்னது?"ன்னாரு.

அந்தப் பேப்பரைக் கொட்டாம்பட்டிக்குப் போய் அவர் சம்சாரம் கையில குடுத்துட்டேன். மேனேஜர் குதிச்சாரு, திரும்ப அழின்னாரு, வேணும்னா நீங்களே உக்காந்து அழிங்கன்னு சொல்லிட்டேன். அதோட விட்டுட்டாரு.

எல்லாம் சரியாப்போச்சுன்னுதான் நெனச்சேன். ஆனா அன்னையிலருந்து கேட்ல என் கட்டைவிரலை மெஷின் எடுக்க மாட்டேங்குது. புது மெஷின் மாட்டியும் அப்படித்தான், எனக்கு மட்டும். பின்னால வரிசையில நிக்கிறவங்க கத்துறாங்க, நான் தினமும் துப்பட்டால தொடச்சுத் தொடச்சு வைக்கிறேன். நம்புனா நம்புங்க, சரியா ஏழாவது தடவைதான் எடுக்குது.