வோக்மனுக்குள் இருந்த பழைய சத்தம்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஒக்டோபர் மாதம். மொன்றியல் நகரின் மையத்தில் இருந்த ஒரு பழைய இசை அரங்கில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். அந்த மாதம் ஒரு மாலை அங்கே பாட வந்தவர் யார் தெரியுமா? நான்கு வருடமாக நான் வோக்மனில் போட்டுத் தேய்த்த இங்கிலாந்துப் பாடகி! அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். ஆங்கிலமும் அரைகுறை, பிரெஞ்சும் அரைகுறை. பயம் மட்டும் முழுசு. நகரின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் யாரோ இஸ்திரிப்பெட்டியை மறந்துவிட்டுப் போனதால் ஒரு வீடு எரிந்தது. அன்றிலிருந்து சுவரில் பிளக் செருகியிருப்பதைக் கண்டால் என் கை சும்மா இராது. ரயில் நிலையம் வரை போய்விட்டு, ரைஸ் குக்கரைப் பார்க்கத் திரும்பி வருவேன். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் என் கணவர், "என்னப்பா, ஃபிரிட்ஜையும் கழட்டிப்போட்டுப் போவன். மீனும் நாறட்டும்" என்று நக்கலடிப்பார்.

பாடகியின் முதல் கசெற்றைப் பழைய சாமான் கடையொன்றில் எடுத்தேன். அட்டைப் படத்தில் இருந்த பெண்ணும் என்னைப்போலப் பயந்தவள் மாதிரித் தெரிந்தாள். அதற்காகவே வாங்கினேன். ஒரு கீபோர்ட், ஒரு மெஷின் தாளம், மெல்லிய குரல், அவ்வளவுதான். முதல் பாட்டின் தொடக்கத்தில் ஒரு சத்தம் வரும். குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியை நகத்தால் தட்டுவது போல, அதற்குள் கொஞ்சம் தண்ணீர் அசைவது போல. இரண்டாவது கசெற்றில் ஆளே மாறிவிட்டார். நெஞ்சில் இடிக்கிற தாளம். ரேடியோவைத் திறந்தாலும், உடுப்புக் கடைக்குள் போனாலும் அந்தப் பாட்டுகள்தான். மூன்றாவதில் தாளத்தையே தூக்கி எறிந்துவிட்டு, வயலின்களுக்கு நடுவில் நின்று கிட்டத்தட்டக் கிசுகிசுத்தார். பழைய ரசிகர்களுக்குக் கோபம். எனக்கோ அதே பெண் ஒவ்வொரு தடவையும் வேறு வீட்டுக்குக் குடிபோன மாதிரித்தான் இருந்தது. நாடு விட்டு வந்தவளுக்கு அது விளங்காதா?

சரி, நிகழ்ச்சி நாள் மத்தியானத்துக்கு வருகிறேன். ஒத்திகை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். மேடையைக் கூட்டுவது என் முறை. நடுவில் ஒரு பழைய கீபோர்ட், சிவப்பு விளக்கு எரிந்தபடி. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பக்கத்திலேயே திரைச்சீலை. அவ்வளவுதான், என் மண்டைக்குள் தீப்பிடித்துவிட்டது! பிளக்கைக் கழற்றினேன். வயரைச் சுருட்டி, நடுவில் ஒரு கட்டுப் போட்டு, அழகாக வைத்தேன். அவருடைய கீபோர்ட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமை வேறு.

ஒரு மணி நேரம் கழித்து மேடையில் ஒரே களேபரம். அந்தக் கீபோர்ட்டின் உள்ளே இருக்கும் பற்றரி எப்போதோ செத்துவிட்டதாம். கரண்ட் நின்றால் சேமித்து வைத்த சத்தமெல்லாம் அழிந்துபோகுமாம். அந்த முதல் பாட்டின் சத்தத்தைக் காலை முழுவதும் தேடிப் பிடித்து அதில் வைத்திருந்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அன்று அந்தப் பாட்டோடுதான் நிகழ்ச்சி தொடங்க இருந்தது. கீபோர்ட்டுக்குப் பொறுப்பான தாடிக்காரரை மேலாளர் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். தான் தொடவேயில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதை யாரும் நம்பவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போ என்று மேலாளர் கத்தியது எனக்கே விளங்கியது.

எங்கள் துப்புரவுக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தவரும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர்தான். என் முகத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டார்.

"ஏனடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?"

"அக்கா, நான்தான் அந்த வயரைக் கழட்டினனான்."

"கடவுளே! வாயைப் பொத்திக்கொண்டு இரு. கேட்டா தெரியாதெண்டு சொல்லு. எங்கட அஞ்சு பேரின்ர வேலையும் போகும்."

"அந்தாளை அனுப்பப் போறாங்கள், அக்கா."

"அனுப்பட்டும். அவன் என்ன உன்ர மாமாவோ?"

அக்கா பயந்ததும் நியாயம்தான். என் கால்களும் வாசல் பக்கம்தான் திரும்பின. அப்போது தாடிக்காரர் அந்த வயரைக் கையில் எடுத்தார். நான் போட்ட கட்டை மெல்ல அவிழ்த்தார். இவ்வளவு அக்கறையாக யார் கட்டியிருப்பார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

மேடையில் ஏறி, நெஞ்சைத் தொட்டு, ஆங்கிலத்தில் "நான்" என்றேன். பிறகு "நெருப்பு, பயம்" என்றேன். வேறு ஒரு சொல்லும் வரவில்லை. மேலாளர் வாயைத் திறப்பதற்குள், ஓரத்தில் கறுப்பு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தார். அவரேதான்! அட்டைப் படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம், காதோரம் நரை. வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். தானும் அடுப்பைப் பார்க்க மூன்று தடவை வீட்டுக்குத் திரும்புகிற ஆள்தான் என்றார்.

ஆனால் சத்தம் போனது போனதுதானே? காலையில் எந்தக் குமிழை எவ்வளவு திருப்பினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய பாட்டும் கையில் இல்லை. பாடகி அதைக் கேட்டே பத்து வருடமாகிறதாம்.

நான் ஓடினேன். என் குளிர் கோட்டின் பைக்குள் வோக்மன், அதற்குள் அந்தக் கசெற்! மூச்சு வாங்கக் கொண்டுவந்து நீட்டினேன். பஞ்சு உதிர்ந்த என் ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு, தன் இளவயதுக் குரலை அவர் கேட்டார். முகம் சுருங்கியது. இவ்வளவு மெதுவாகவா பாடினேன் என்றார். "பற்றரி, பற்றரி!" என்று வோக்மனைக் காட்டிக் கத்தினேன். அது இறங்கினால் பாட்டு இழுபடும். தாடிக்காரர் புதுப் பற்றரி போட்டார். பாட்டு நிமிர்ந்தது.

பிறகு பாடகி கீபோர்ட்டின் குமிழ்களைத் திருப்ப, நான் தலையாட்டினேன். இல்லை. இல்லை. கிட்ட வந்துவிட்டது. இல்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "இன்னும் தண்ணீர்" என்றேன். மேலாளர் எனக்குத் தாகம் என்று நினைத்துப் போத்தலை நீட்டினார். பாடகிக்கு மட்டும் விளங்கியது. இன்னொரு குமிழைக் கொஞ்சமாகத் திருப்பினார். வந்துவிட்டது! அதே கண்ணாடி, அதே தண்ணீர்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தாடிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார்.

மாலை நிகழ்ச்சியை அக்காவும் நானும் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று பார்த்தோம். முதலில் அந்தச் சத்தம் தனியாக. அதற்குக் கீழே மெல்லத் தாளம். கடைசியில் வயலின்கள். பாடகி குடியிருந்த மூன்று வீடுகளின் கதவுகளையும் ஒன்றாகத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. அக்கா என் காதுக்குள், "இதுக்கோடி இவ்வளவு கூத்து?" என்றார்.

"ஓம் அக்கா, இதுக்குத்தான்."

அடுத்த நாள் மேலாளர் கூப்பிட்டார். வேலை போச்சு என்றுதான் போனேன். அவர் என் கையில் ஒரு சுருள் சிவப்பு டேப்பைக் கொடுத்து, கழற்றக்கூடாத பிளக்கில் எல்லாம் இதை நீயே ஒட்டு என்றார்.

இன்றைக்கும் பிளக்கைக் கண்டால் கை போகத்தான் செய்கிறது. ஆனால் ஏதாவது பிழை விட்டுவிட்டு, ஓடி ஒளியலாமா என்று தோன்றும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிச் சத்தம் காதுக்குள் கேட்கும். நடுங்கிக்கொண்டே போய், "நான்தான்" என்று சொல்லிவிடுகிறேன்.