பனி வளைவில் ஓர் அணி

எங்கள் மலைப்பாதையின் மேல்பாதியில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. மஞ்சள் பலகையில் எண் எழுதியிருக்கும். காலைப் பேருந்தில் போகும்போது எண் தெரியாது, பனிதான் தெரியும். எண் எதற்கு? எங்களுக்கு அந்த வளைவின் பெயர் தற்குறிப்பேற்ற அணி. பெயர் வைத்தவர் என் அண்ணி.

நான் கல்லூரிக்கும், அண்ணி ஆசிரியர் பயிற்சி வகுப்புக்கும் மலைமேல் இருக்கும் சோளக்காடு நிறுத்தத்தில் ஒரே பேருந்தில் ஏறுவோம். வீட்டு வேலை, மிளகுத் தோட்டம் எல்லாம் போக அவருக்குப் படிக்கக் கிடைத்தது அந்தப் பயண நேரம்தான். ஆனால் வளைவுகளில் புத்தகத்தைப் பிரித்தால் குமட்டிக்கொண்டு வரும். அண்ணி புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, வளைவுக்கு ஓர் இலக்கியச் சொல்லாக மலையெங்கும் நட ஆரம்பித்தார். குரங்குகள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் உவமையும் உருவகமும். "குரங்கு ஆபீசராட்டம் ஒக்காந்திருக்குதுன்னா உவமை கண்ணு. ஆபீசரு வந்துட்டாருன்னு குரங்கைக் காட்டினா உருவகம்." முடிகிற இடத்திலேயே அடுத்தது தொடங்கும் இரட்டை வளைவு அந்தாதி. "எங்க டிரைவரண்ணன் ரொம்பப் பெரிய மனசுக்காரருங்க, மாட்டு வண்டிக்குக்கூட முந்த வழி உடுவாரு" என்று நடத்துநர் வழக்கமாகக் கிண்டலடிக்கும் வளைவு வஞ்சப் புகழ்ச்சி. பேருந்தே எங்களைத் திரும்பிப் பார்க்கும். எனக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்காது.

பயிற்சி முடிந்ததும் அடிவாரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் அண்ணி அண்ணனோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அண்ணி இல்லாத மலையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. துணைக்குப் போன நான் சன்னலுக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் சில கேள்விகளுக்குப் பட்டுப்பட்டென்று பதில் வந்தது. பிறகு அங்கிருந்த மூத்த தமிழாசிரியை, "தற்குறிப்பேற்ற அணி என்றால் என்ன?" என்று கேட்டார். அண்ணி விழித்தார். நான் சன்னல் வழியாக விடையைக் கத்திவிடாமல் இருந்ததே பெரிது. அப்போது அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலியில் இடப்பக்கம் சாய்ந்தார். பிறகு வலப்பக்கம். மறுபடியும் இடப்பக்கம். மனசுக்குள் சோளக்காட்டில் பேருந்து ஏறியாயிற்று! அவருக்கு எந்தச் சொல்லும் நடுவிலிருந்து வராது, மேலே இருந்து இறங்கித்தான் வரும்.

தாளாளர் பதறிப்போய், "என்னம்மா, தலை சுத்துதா?" என்றார்.

"இல்லீங்க சார். இன்னும் ரெண்டு வளைவு இருக்குதுங்க."

சாய்ந்து முடித்து அண்ணி கண்ணைத் திறந்தார். முகம் பளிச்சென்று இருந்தது. "இயற்கையா நடக்கிற ஒண்ணுக்குக் கவிஞர் தன் மனசுல இருக்கிற காரணத்தை ஏத்திச் சொல்றதுங்க. காலையில மலையில பனி இறங்கறது இயற்கை. ஊரை விட்டுப் போறவங்களைப் பார்க்க மனசில்லாம மலை மூஞ்சிய மூடிக்கிதுன்னு சொன்னா, அது தற்குறிப்பேற்றமுங்க."

தமிழாசிரியைதான் முதலில் சிரித்தார். "நாளைக்கு எங்க பிள்ளைகளும் இப்படி ஆடுமே!" என்றார். வேலை கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வெளியே வந்த அண்ணியைக் கட்டிப்பிடித்து நான் குதித்த குதியில் என் செருப்பு அறுந்தது.

இப்போது நான் வெளியூரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் விடுப்பு முடிந்து திரும்பும்போது அதே காலைப் பேருந்தில் ஏறினேன். மலையிலிருந்து அந்தப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். அண்ணி சன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பேருந்து பனிக்குள் நுழைந்தது. மஞ்சள் பலகையில் எண் தெரியவில்லை. பிள்ளைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, "தற்குறிப்பேற்ற அணி!" என்று கத்தினார்கள்.

அண்ணி கண்ணைத் திறக்கவே இல்லை. "எடுத்துக்காட்டு சொல்லு சாமி" என்றார்.

முன்னிருக்கைச் சிறுமி திரும்பி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எங்க டீச்சர் தூங்கறாங்கன்னு மலை திரை போட்டுருக்குதுங்க."