சேமித்ததாகச் சொன்ன எடிட்டர்

வீட்டில் அவளை நச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்றைப் பிடித்தால் விடாமல் நச்சரிக்கும் சுபாவத்துக்காக அக்கா வைத்த பெயர். "அந்தப் பேருக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு, ரெண்டுமே உனக்குப் பொருந்தும்" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பாள். நச்சு புரோகிராமர். அக்கா ஒரு ஸ்கேன் சென்டரில் டைப்பிஸ்ட். டாக்டர் படத்தைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்வார். அக்கா அதைக் காதில் மாட்டிக் கேட்டு ரிப்போர்ட்டாக அடித்துக் கொடுப்பாள்.

அக்காவுக்குக் கண்ணில் கோளாறு. நேரே பார்ப்பதெல்லாம் கலங்கிப்போய் ஓரப்பார்வை மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அப்படியும் வேலை தடைபடாததற்குக் காரணம் சென்டரில் இருந்த விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான யூனிக்ஸில் ஓடிய பழைய கம்ப்யூட்டர். அதில் ரிப்போர்ட் அடிக்க இருந்த எடிட்டர் என்ற புரோகிராமுக்கு மவுஸ் வேண்டாம், குட்டிக் குட்டிப் படங்கள் கிடையாது. கறுப்புத் திரை, பெரிய எழுத்து, அவ்வளவுதான். வரியை அழிக்க, பத்தியை இடம் மாற்ற, தேட, சேமிக்க என்று எல்லாம் அக்காவின் விரல் நுனியில் இருந்தது. தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு அவள் அடிக்கும் வேகத்துக்கு யாரும் ஈடுகொடுக்க முடியாது.

சென்டர் கை மாறியது. புது நிர்வாகம் எல்லாவற்றையும் விண்டோஸுக்கு மாற்றிவிட்டது. அக்கா சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தாள்.

"அம்புக்குறி எங்க போச்சுன்னு தேடியே பொழுது போயிடுதுடி. இப்படியே போனா என்னை வெச்சுக்க மாட்டாங்க."

"உன் எடிட்டரையே நான் கொண்டுவந்து தர்றேன், போதுமா?" என்றாள் நச்சு.

சொல்வது சுலபம். அதை எழுதியவர்கள் எப்போதோ கைகழுவிவிட்டார்கள். மூல நிரல் மட்டும் இணையத்தில் அநாதையாகக் கிடந்தது. விண்டோஸுக்குள் உட்கார்ந்துகொண்டு, வந்து சேரும் புரோகிராமிடம் 'இது யூனிக்ஸ்தான், பயப்படாதே' என்று நம்பவைக்கும் மென்பொருள் அடுக்கு ஒன்று உண்டு. அதன்மேல் எடிட்டரை ஓடவைக்கப் பார்த்தாள் நச்சு. முதலில் பிழைச் செய்திகளாகக் கொட்டின. பிறகு, மேலே போகச் சொன்னால் எடிட்டர் ஏதோ எழுத்தை அடித்தது. வரி முடிவில் விண்டோஸ் கூடுதலாக வைக்கும் குறியை அதுவும் எழுத்துதான் என்று எண்ணி வரிதோறும் காட்டியது. ஒவ்வொன்றாகப் பிடித்துச் சரிசெய்தாள். சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்ஸ்காரர் அரைமனதாக அதை அக்காவின் மெஷினில் மட்டும் போட்டுக் கொடுத்தார். அக்காவுக்கு உயிர் வந்தது.

அதன்பிறகுதான் ரிப்போர்ட்டுகள் காணாமல் போக ஆரம்பித்தன.

முதல் தடவை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அடுத்து காணாமல் போனது ஆபரேஷனுக்குத் தயாராக ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒருவரின் ரிப்போர்ட். அடித்து முடித்ததும் ஒலிப்பதிவை அழித்துவிடுவது அங்கே வழக்கம். அதனால் அதுவும் இல்லை. டாக்டர் கிளம்பிப் போய்விட்டிருந்தார். ஆபரேஷன் தள்ளிப்போனது. நோயாளியின் மகன் சென்டர் வராந்தாவில் நின்று தொண்டை கிழியக் கத்தியது அக்காவின் அறைவரை கேட்டது. மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, "கண்ணு சரியா தெரியாததால எதையோ மாத்தி அழுத்தியிருக்கீங்க" என்றார். அக்கா மறுக்கவில்லை.

வீட்டில் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "நான்தான் அழிச்சிருப்பேன். விரல் தடுமாறியிருக்கும்."

"உன் விரலா? தடுமாறுமா?" நச்சுவுக்குத் தான் கொண்டுவந்த எடிட்டர் மேல்தான் சந்தேகம் வந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, சென்டரில் இருந்த அதே வைரஸ் தடுப்பு மென்பொருளைத் தன் கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு ஃபைலைச் சேமித்தாள், மறுபடியும் சேமித்தாள், சேமித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு தடவை எடிட்டர் 'சேமித்தாயிற்று' என்றது, ஃபைலைக் காணோம். விஷயம் இதுதான்: எடிட்டர் புதியதை வேறொரு பெயரில் எழுதிவிட்டு, பழையதை அழித்து, அந்தப் பெயரைப் புதியதற்குச் சூட்டும். அந்த நேரம் பார்த்து வைரஸ் தடுப்பு அந்தப் புதிய ஃபைலைச் சோதிக்கப் பிடித்துக்கொண்டால், பெயர் மாறாது. யூனிக்ஸில் இந்தத் தடங்கல் இல்லை; எடிட்டரும் அதை எதிர்பார்க்கவில்லை. பெயர் மாறிவிட்டதாக எண்ணி, வேறு பெயரில் எழுதிவைத்திருந்த ஃபைலையும் துடைத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விட்டது.

அக்காவிடம் ஓடிவந்து சொன்னாள்.

"சரிபண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். இனிமே புதுசு உட்கார்ந்த பிறகுதான் பழசு போகும். முடியலைன்னா சத்தம் போடும்."

"அப்ப அதை என் மெஷின்ல போட்டுடு. யார்கிட்டயும் எதுவும் சொல்லாத."

"உன் மேல பழி நிக்குதே அக்கா!"

"நின்னா நிக்கட்டும். எடிட்டர் மேல தப்புன்னா அதைத் தூக்கிடுவாங்க. அது போனா நானும் போகவேண்டியதுதான்."

நச்சுவால் அதைத் தாங்க முடியவில்லை. அக்காவிடம் சொல்லாமலே சென்டருக்குப் போய் மேனேஜரிடமும் சிஸ்டம்ஸ்காரரிடமும் எல்லாவற்றையும் காட்டினாள். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். "அப்போ அவங்க மேல தப்பில்லை, சரி. ஆனா வீட்ல பண்ணின புரோகிராமை நம்பி நோயாளிங்க உயிரோட விளையாட முடியாதும்மா" என்றார். அன்றே எடிட்டர் போனது. அக்காவை வாசலில் போன் எடுக்கும் மேஜைக்கு மாற்றினார்கள். வீட்டில் அக்கா தங்கையிடம் முகம் கொடுக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால்கூட, சுவரிடம் சொல்வது போலத்தான் கூப்பிட்டாள்.

சிஸ்டம்ஸ்காரர் நல்ல மனிதர். திருத்திய எடிட்டரை வாங்கித் தன் அறையில் போட்டு உலுக்கியெடுத்தார். சேமிக்கும்போதே கேபிளைப் பிடுங்கினார். ஒரே ஃபைலைப் பல இடத்தில் திறந்து வைத்தார். எதுவும் காணாமல் போகவில்லை. அவர் சொன்னதன் பேரில் மேனேஜர் இறங்கிவந்தார். ஒரு நிபந்தனை: அக்கா அடிக்கும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் இன்னொருவர் திறந்து சரிபார்க்க வேண்டும்.

அக்கா பழைய நாற்காலிக்குத் திரும்பினாள். அன்று மாலை நச்சு அழைத்துப்போக வந்திருந்தாள்.

"என் மேல தப்பில்லைன்னு நிரூபிச்சிட்ட" என்றாள் அக்கா, பையை எடுத்துக்கொண்டே. "நல்லதுதான். ஆனா முன்னாடி என் வேலையை யாரும் எட்டிப்பார்த்ததில்லை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அக்கா எழுந்தவள் என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்து, கடைசியாகச் சேமித்த ரிப்போர்ட்டை இன்னொரு தடவை திறந்து, திரையோடு முகத்தை வைத்து ஓரக்கண்ணால் வரிவரியாகப் பார்க்கத் தொடங்கினாள். நச்சு பக்கத்தில் நின்று காத்திருந்தாள்.