முந்தி ஓடிய அரை மணித்தியாலம்

கிளிநொச்சியில் மணிக்கூடு சேர்க்கிற ஆட்கள் கூடின கூட்டம் முடிய, எனக்குத் தலை கிறுகிறுத்துப் போய்விட்டது. காலை தொடங்கிக் கதையோ கதை. மேசையில் வெள்ளைத் துவாய் விரித்து, எல்லாரும் தங்கள் கைமணிக்கூடுகளைக் கழற்றி வைத்து, ஒருத்தருடையதை மற்றவர் தூக்கித் தூக்கிப் பார்த்து, பிள்ளை பிறந்த வீடு மாதிரி ஒரே ஆரவாரம். திரும்பும் வழியில், ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம், என் கூட்டாளி மோட்டார் சைக்கிளை ஒரு குளக்கட்டில் நிற்பாட்டினான்.

"கொஞ்சம் காத்து வாங்கிட்டுப் போவோம் அண்ணே."

அவன் நெடுங்கேணிப் பக்கம் வயல் செய்கிறவன். தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்தப் பேச்சு இன்னும் அவன் நாக்கில் இருக்கிறது. எனக்கு இந்த மணிக்கூட்டுப் பைத்தியத்தைத் தொற்ற வைத்தவனும் அவன்தான்.

மருத மரத்து நிழல். ஒரு நீர்க்காகம் செட்டையை விரித்துக் காயவிட்டுக்கொண்டிருந்தது. மனம் ஆறித்தான் வந்தது, நான் கையைப் பார்க்கும் வரைக்கும்.

"வெளிக்கிடுவமே? ஆறாகுது, ஆனை இறங்கிற நேரம்."

அவன் போனைப் பார்த்தான். "இன்னும் அஞ்சரைதான்."

நின்று ஓடுகிற மணிக்கூடு பிந்தும். என்னுடையதோ முந்தி நிற்கிறது. ஆரோ சாவியை இழுத்து முள்ளைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பினவன் பின் மூடியைத் திறக்கவில்லை என்று ஆர் கண்டது? உள்ளே மெசினை மாற்றினால் வெளியில் ஒன்றும் தெரியாது. அது என் மனுசி கலியாணத்துக்கு வாங்கித் தந்தது. நான் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் துவாயடியில் காவல் இருந்தவன் இவன். "என்கிட்ட உள்ள மூணையும் தாறேன், அதைத் தாங்க" என்று முன்னம் ஒருநாள் கேட்டவனும் இவன். நம்ப நட, நம்பி நடவாதே என்று சும்மாவா சொன்னார்கள்.

பிறகு எல்லாமே சந்தேகம். ஏன் இங்கே நிற்பாட்டினான்? ஏன் என் முகத்தைப் பார்க்காமல் நீர்க்காகத்தைப் பார்க்கிறான்? மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருளவே தேவைப்படவில்லை.

கேட்டே விட்டேன். "தம்பி, இதில கை வைச்சனியோ?"

"ஆமா. நேரத்த மாத்தினேன்."

"மெசினையுமோ?"

அவன் இப்போதுதான் என் பக்கம் திரும்பினான்.

"கூட்டத்துக்கு வந்த அந்த வவுனியா ஐயா, இது எந்தக் காலத்துச் சாமான்னு கேட்டாரு. நீங்கதானே நெஞ்சை நிமித்தி, 'புது நேரத்தில வாங்கினது'ன்னீங்க? அதான் நீங்க தேத்தண்ணிக்குப் போன நேரம், அதுக்குரிய நேரத்திலயே வச்சுக் காட்டினேன். எல்லாரும் ரசிச்சாங்க. திருப்பி வைக்க மறந்துட்டேன்."

சண்டைக் காலத்தில் அரசாங்கம் நாட்டு நேரத்தை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தது. வவுனியா ரவுணில் புது நேரம், இயக்கத்தின் கையிலிருந்த வன்னிக்குள் பழைய நேரம். பிறகு எல்லாரும் பழையதுக்கே வந்துவிட்டோம். வேறு ஊரில், "புது நேரத்தில வாங்கினது" என்ற சொல்லைக் கேட்டு ஒருத்தன் முள்ளைத் திருப்புவானா?

"மெசினை மாத்த ஆயுதம் வேணும் அண்ணே. நேரத்த மாத்த ரெண்டு விரல் போதும்."

தன் மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் வைத்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்துக்குள் இறங்கினான்.

முதுகு திரும்பினதும் நான் மெல்ல என் மணிக்கூட்டைக் காதில் வைத்தேன்.

"சத்தம் சரியா இருக்கா அண்ணே?" இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, திரும்பாமலே கேட்டான்.