கவாத்து பண்ணிய இந்தியா

என் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கையில் பள்ளிக்கூடத்துக் குடியரசு நாள் கண்காட்சிக்காகப் பென்சிலால் இந்தியாவை வரைந்தாள். பிள்ளைகளே, நீங்கள் வரைகிற மாதிரி இல்லை அது. எல்லைக்கோடே கிடையாது. கன்னியாகுமரியில் ஒற்றைத் தண்டாகக் கிளம்பி, மேலே போகப் போக இரு பக்கமும் கை விரித்து, முண்டும் முடிச்சுமாகக் குச்சிகள். குச்சிகள் போய் நிற்கிற இடந்தான் எல்லை. ஓர் இலை இல்லை. நாங்கள் கூடலூரில் திராட்சை பயிரிடுகிறவர்கள். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, கவாத்து பண்ணின கொடி. இலையையும் வளர்ந்த குச்சியையும் கத்தரித்து மொட்டையாக விட்டால்தான் பந்தலில் அடுத்த காய் பிடிக்கும்.

கண்காட்சியன்று காலையில் என்னை வரச்சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். ஓவிய டீச்சர் வெளியூர்க்காரர். படத்தை மேசைமேல் வைத்து, “நாட்டைப் பட்ட மரமா வரைஞ்சிருக்கா. பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க? பச்சைக் கிரயான் தர்றேன், இலை போட்டுக் குடுத்தா மாட்டுறேன்” என்றார்.

“பட்டது இல்ல டீச்சர், கவாத்து பண்ணினது. ஒன்றரை மாசம் கழிச்சு வந்து பாருங்க, பூவெடுத்து நிக்கும்” என்றேன்.

“அது உங்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியுமா?”

“தெரியாதவுக கேக்கட்டும், சொல்லுவோம்.”

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவன். டீச்சர்மாரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் இன்றைக்கும் சொல்கிறேன், நான் பேசியது சரிதான். பக்கத்தில் நின்ற மகள், டீச்சர் நீட்டிய கிரயானைத் தொடவில்லை.

“மாட்ட வேணாம் டீச்சர். படத்தக் குடுங்க” என்றாள்.

வாங்கிக்கொண்டு நேராகக் கண்காட்சி அறைக்குப் போனாள். சுவர் நெடுக வண்ண வண்ண இந்தியாக்கள். வரிசை முடிகிற மூலையில், தன் படத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நானும் தோட்டத்துக்குப் போகாமல் பக்கத்திலேயே நின்றேன். டீச்சர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பதினொரு மணிவாக்கில், பந்தல் வேலை பார்க்கிற பெண்கள் தங்கள் பிள்ளைகளின் படங்களைப் பார்க்க வந்தார்கள். அதில் ஒருத்தி குனிந்து பார்த்து, “ஏ ஆத்தா, வடக்க என்ன இம்புட்டு நீளமா குச்சி விட்டுட்ட? இப்பிடி வெட்டுனா ஒங்கப்பன் காயப் பாத்த மாதிரிதான்” என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். படத்தை மட்டும் இறக்கவில்லை.

மத்தியானத்துக்குமேல் படத்தைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தாள்.

“கொஞ்ச நேரம் நான் பிடிக்கவா?” என்று கேட்டேன்.

“நீங்க வரையலையேப்பா.”

கடைசி மணி அடிக்கிற வரைக்கும் அவளேதான் பிடித்திருந்தாள்.